நாற்காலி வைத்தியம்

மாரடைப்புக்கு ஆளானவரை வாரக்கணக்கில் அசையாமல் படுக்கையில் கிடத்துவதே உத்தமம் என்று வைத்திய உலகம் நம்பியிருந்த காலத்தில், 1952-இல் பாஸ்டன் நகரத்து வைத்தியர்கள் ஸாமுவேல் லெவைனும் பெர்னார்ட் லௌனும், அவரைச் சில தினங்களிலேயே நாற்காலியில் உட்காரவைக்கலாம் என்று எழுதியது பலருக்கு விபரீதமாகவே தோன்றிற்று. சயனித்திருக்கும் தேகத்தில் கால்களின் ரத்தம் தடையின்றித் திரும்பி, தளர்ந்த இருதயத்தின் பாரத்தை அதிகரிக்கிறது. உட்கார்ந்தாலோ, ஒரு பகுதி கீழேயே தங்கிவிடுகிறது என்பது அவர்கள் வாதம். நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி, துருத்திபோல் ரத்தத்தை மேலே தள்ளுகின்றன; அசைவின்றிக் கிடந்தால் அது தேங்கி உறைந்து, அக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைக்கலாம். ஓய்வின் பெயரால் எத்தனை பேர் மாண்டனரோ! இன்று மணிக்கட்டு வழியே, அடைபட்ட இருதயத் தமனியைத் திறந்துவைக்கும் ஸ்டென்ட் என்னும் சிறு வலைக்குழாய் பொருத்தப்பட்டவர் பெரும்பாலும் சில மணி நேரத்திலேயே நடக்கிறார். தொடை வழியே பொருத்தப்பட்டவர் மட்டும், துளைத்த தமனி மூடும்வரை காலை நீட்டிப் படுத்திருக்க வேண்டும்.