உங்களுக்குத் தெரியுமா?

ஏழ்மையைவிட, அதை அக்கம்பக்கம் பார்த்துவிடுமோ என்ற கூச்சம்தான் பெரிய வலி. இதைச் சங்க காலத்திலேயே பாடியவர் தாம்பரம் அடங்கிய இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்!

• அவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். கிழக்குக் கடற்கரைச் சாலையில், செய்யூர் வட்டத்தில் இருக்கிறது இடைக்கழிநாடு.

• பாட்டு: பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை. 269 அடிகள்.

• அதில் ஒரு பாணர் வீட்டு அடுப்படி. கரையான் அரித்த சுவர், புழுதியில் முளைத்த காளான். கண் திறக்காத குட்டிகள் பாலில்லாத மடியை இழுக்க, வலி தாளாமல் தாய்நாய் குரைக்கிறது. பசியில் இடை ஒடுங்கிய பெண், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். வறுமை யாருக்கும் வரும் என்று அறியாதவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று கதவைச் சாத்திவிட்டு, சுற்றம் முழுவதும் சேர்ந்து சாப்பிடுகிறது. தமிழில் பசியை இவ்வளவு கிட்ட நின்று பார்த்த வரிகள் மிகக் குறைவு.

• இதே பாட்டில் உப்பு வணிகர்களின் வண்டிகளும் வருகின்றன. செய்யூர், மரக்காணம் பக்கம் இன்றும் உப்பளங்கள் உண்டு.

• உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்த ஆண்டு 1889.