ஆறாம் ஸ்தலம்

ஏற்றம் – 9

தவக்காலம் பிறந்தால் பெங்களூரு ஈஜிபுராவில் இரண்டு பேச்சுதான். ஒன்று, எந்த வீட்டில் கறி நிறுத்தியாயிற்று. இன்னொன்று, இந்த வருஷம் மலையாட்டூருக்கு வேன் பேசுவது யார். வியாழக்கிழமை விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போதே, மெழுகுவர்த்திக் கடை வாசலில் ஆள் கணக்கு எடுத்துவிடுவார்கள்.

வேன் ராத்திரி கிளம்பும். ஓசூர், சேலம், கோயம்புத்தூர், பாலக்காடு, திருச்சூர், அங்கமாலி என்று போய், ஆதிசங்கரர் பிறந்த காலடியைத் தாண்டினால் பெரியாற்றங்கரையில் மலையாட்டூர். கி.பி. 52-இல் கொடுங்கல்லூரில் வந்திறங்கிய புனித தோமையார் இங்கே குருசுமுடி மலையில் தங்கி ஜெபித்தார் என்பது மரபு. பாறையில் அவர் பாதம் பதிந்த தடம் என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். வரலாற்றாசிரியர்கள் ஆதாரம் கேட்பார்கள், ஏறுகிறவர்கள் கேட்பதில்லை. பரங்கிமலைப் படிக்கட்டு ஏறிப் பழகிய நம் ஆட்கள் இதுவும் அப்படித்தான் என்று நினைத்து வந்து, முதல் வளைவிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார்கள். பாறை, உருளுகிற கல், மரவேர், செங்குத்து. இதில் பாதிப் பேர் வெறுங்காலில்.

எங்கள் தெருப் பையன்கள் சிலுவை கொண்டுவந்திருந்தார்கள். சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவர்கள். சாரத்துக்குப் போடும் நீலகிரிக் கட்டை இரண்டைக் கயிற்றால் கட்டி, வேன் மேலே ஏற்றி வந்தார்கள். தோளில் துண்டை மடித்துப் போட்டு நாலு பேர் தூக்கினார்கள். சமதரையில் எல்லார் தோளிலும் ஒரே பாரம்தான். ஏற்றத்தில் அப்படி இல்லை; முன்னால் போகிறவன் மேலே ஏற ஏற, பாரமெல்லாம் வழுக்கிப் பின்னால் வருகிறவன் தோளுக்கு இறங்கும். முன்னால் இருந்தவன் தோமையாரை உரக்க “முத்தப்பா!” என்று கூப்பிட்டான். பின்னால் இருந்தவனுக்குக் கூப்பிடவும் மூச்சில்லை. கூட்டத்தின் பார்வை, இயல்பாகவே, முன்னவன் மேல்.

என்னோடு ஏறிய அக்கா இதைப் பார்த்துக்கொண்டே வந்தார். 2013 ஜனவரியில் ஈஜிபுரா இ.டபிள்யூ.எஸ். (பொருளாதாரத்தில் நலிந்தோர்) குடியிருப்பை இடித்தபோது பிள்ளைகளோடு நடைபாதையில் படுத்தவர்களில் அவரும் ஒருவர். “காசு குடுத்து கஷ்டத்தத் தேடி வர்றோமே தம்பி, நமக்கே சிரிப்பா இல்ல?” என்றார். சொல்லிவிட்டு ஒரு சோடாவை வாங்கி, பின்னால் கட்டை சுமந்தவன் கையில் கொடுத்தார். அவர் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

மலையேற்றத்தை விசுவாசப் பாடமாக்குகிற பிரசங்கங்கள் எனக்கு ஒத்துவருவதில்லை. விடாமுயற்சி, இலக்கு, உச்சி என்று அடுக்குவார்கள். ஆனால் இந்தப் பாதையில் நட்டிருக்கும் 14 சிலுவைப்பாதை ஸ்தலங்களில் – அந்த எண்ணிக்கையை 1731-இல் நிலைநிறுத்தியவர் பாப்பரசர் 12-ஆம் கிளமென்ட் – எதிலும் வெற்றி கிடையாது. மூன்று தடவை விழுவதுதான் இருக்கிறது. ஐந்தாம் ஸ்தலத்துச் சீமோன் விரும்பி வந்தவரல்ல. நாட்டுப்புறத்திலிருந்து வந்துகொண்டிருந்தவரைப் பிடித்துச் சிலுவையைச் சுமத்தினார்கள். ஆறாம் ஸ்தலத்து வெரோணிக்காள் நற்செய்தியிலேயே இல்லை, மரபில் வந்தவர். யாரும் கூப்பிடாமல் கூட்டத்துக்குள் புகுந்து இயேசுவின் முகத்தைத் துடைத்துவிட்டுப் போனவர்.

குருசுமுடியில் அந்த ஆறாம் ஸ்தலத்தைத் தாண்டும்போது கொஞ்சம் நிற்கத் தோன்றும். 2018 மார்ச் 1. அன்றும் வியாழக்கிழமை; நாங்கள் விவேக்நகரில் இருந்திருப்போம். குருசுமுடித் திருத்தல அதிபர் அருட்தந்தை சேவியர் தேலக்காட் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். வயது 52. முன்பு அதே மலைக்கோயிலில் கோயில்பிள்ளையாக இருந்து, வேலையிலிருந்து விலக்கப்பட்டவர் அந்த ஸ்தலத்தின் அருகே வழிமறித்துக் கத்தியால் குத்தினார். தொடையில் ஆழமான காயம். ஆம்புலன்ஸ் ஏற முடியாத பாதை. ஆட்கள் சுமந்துதான் இறக்க வேண்டியிருந்தது. அதற்குள் ரத்தம் போய்விட்டது. அங்கமாலி மருத்துவமனை வரை கொண்டுபோயும் பிழைக்கவில்லை.

அப்புறம் நடந்ததுதான் என் மனசில் கிடக்கிறது. மகனைப் பறிகொடுத்த அந்தத் தாய், எண்பது வயதைக் கடந்தவர், குத்தியவருடைய குடும்பத்தைப் பார்க்கப் போனார், மன்னித்துவிட்டதாகச் சொன்னார் என்று செய்தி வந்தது. வீட்டுக்குள் அந்த மனிதரின் மனைவி. ஊர் வெறுத்து ஒதுக்கியிருக்கக்கூடிய ஒரு வீட்டு வாசலை, ஒதுக்குவதற்கு எல்லாரையும்விட அதிக உரிமை உள்ள ஒருத்தி மிதித்தாள். நீதிமன்றத்தின் வேலை வேறு. சிலுவைப்பாதைப் புத்தகத்தில் வெரோணிக்காளைப் பற்றி வாசிக்கும்போது, இப்போதெல்லாம் எனக்கு அந்தக் கிழவி முகந்தான் வருகிறது. யாரும் அவரைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

இதை நான் சொன்னபோது அக்கா ஒரு பாறையில் உட்கார்ந்து கேட்டார். “நான் போயிருக்க மாட்டேன்” என்றார். நேர்மையான பதில். என் பதிலும் அதுதான். அவர் வீட்டை இடித்தவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர் குரல் இன்னும் மாறும். மன்னிப்பு என்று உபதேசம் பண்ண நான் யார்?

போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பெரிய வாரத்திலும், உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு திருவிழாவிலும் கூட்டம் நெருக்கித் தள்ளும். வயசானவர்களோடு போவதானால் அதற்கு முன்னாலேயே, விடியுமுன் ஏறிவிடுங்கள். ஏறும்போது நெஞ்சு அடைக்கும். ஆனால் முட்டி போவது இறங்கும்போதுதான். ஊன்றுகோல் அதற்குத்தான்.

உச்சியில், சுமந்து வந்த சிலுவைகளை அங்கேயே சார்த்திவைத்துவிட்டுத் திரும்புவது வழக்கம். பெரிசும் சிறிசுமாகக் குவிந்து கிடந்தன. எங்கள் பையன்களில் மூத்தவனுக்கு முகம் சுண்டிவிட்டது. நாலு பேரில் பின்னால் சுமந்தவன் அவன்தான். சாரக்கட்டை இரண்டும் மேஸ்திரியிடம் இரவல் வாங்கியதாம். திங்கட்கிழமை சைட்டில் கணக்குச் சொல்ல வேண்டும். கயிற்றை அவிழ்க்கப் போனான். “விட்றா, மேஸ்திரிகிட்ட நான் பேசிக்கிறேன்” என்றார் அக்கா. “நீங்க பேசினா கட்டைக்குப் பதிலா என்னத்தான் கேப்பாரு” என்றான் அவன். ஆனாலும் விட்டுவிட்டுத்தான் வந்தான்.

(தொடரும்)