உணவின் தூரமும் உணவின் சுமையும்

உள்ளூரில் விளைந்ததை உள்ளூரிலேயே உண்பது சுற்றுச்சூழலுக்கு நன்மை பயக்கும் என்பது இன்று எங்கும் கேட்கப்படும் கூற்று. இயற்கை உரமிட்டுச் செய்யும் சாகுபடியைப் பற்றியும் இவ்வாறே கூறப்படுகிறது. இக்கூற்றுகளில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், நன்மை எவ்வளவு, அது எந்த இடத்தில் உண்டாகிறது என்பவற்றை அளந்தறியாமல் உழவருக்கு யோசனை சொல்வது, எடை போடாமல் விலை சொல்வதை ஒக்கும்.

உணவு பயணம் செய்யும் தூரத்தைக் குறிக்கும் ‘உணவு மைல்’ என்னும் சொல் 1990களின் தொடக்கத்தில் பிரிட்டனில் வழக்கிற்கு வந்தது. தூரம் எளிதில் விளங்குவதாதலால் அதுவே பலருக்கு அளவுகோலாயிற்று. ஆனால் அமெரிக்கக் குடும்பங்களின் உணவைப் பற்றி வெபர், மாத்யூஸ் என்னும் ஆராய்ச்சியாளர்கள் 2008இல் வெளியிட்ட கணக்கின்படி, வெப்பத்தைத் தேக்கும் வாயுக்களில் 83 சதவிகிதம் உற்பத்தி நிலையிலேயே உண்டாகிறது. போக்குவரத்து முழுவதற்கும் உரிய பங்கு 11 சதவிகிதம். நம் நாட்டில் விகிதம் வேறுபடலாம். ஆயினும் வயலையும் சாலையையும் ஒரே தராசில் நிறுத்த வேண்டும் என்ற பாடம் நமக்கும் பொருந்தும்.

வயலில் ஒரு மூட்டை

45 கிலோகிராம் யூரியா மூட்டையில் 46 சதவிகிதம், அதாவது 20.7 கிலோகிராம் நைட்ரஜன் உள்ளது. புன்செய் நிலத்தில் இடும் நைட்ரஜனில் 1 சதவிகிதம் நைட்ரஸ் ஆக்சைடாக மாறி வெளியேறும் என்று பருவநிலை மாற்றம் பற்றிய பன்னாட்டு அரசுக் குழுவின் 2006ஆம் ஆண்டு நெறிமுறைகள் பொதுக் கணக்கிற்குக் கொள்கின்றன. இவ்வாறு வெளியேறும் வாயு சுமார் மூன்றில் ஒரு கிலோகிராம்தான். ஆனால் இவ்வாயு, நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப்போல் 273 மடங்கு வெப்பத்தைத் தேக்க வல்லது. ஆகவே அது 89 கிலோகிராம் கரியமில வாயுவிற்குச் சமம். யூரியா மண்ணில் சிதையும்போது நேரடியாக வெளிவரும் கரியமில வாயு மேலும் 33 கிலோகிராம். மொத்தம் 122 கிலோகிராம். ஏறக்குறைய 45 லிட்டர் டீசலை எரிப்பதற்கு இது ஈடாகும். தொழிற்சாலையில் உரம் செய்யச் செலவாகும் எரிபொருள் இதில் சேரவில்லை.

தொழுவுரத்திலுள்ள நைட்ரஜனும் இந்த விதிக்கு விலக்கன்று. எந்த உரமாயினும், பயிருக்குத் தேவையான அளவை அறிந்து இடுவதே முதற் சிக்கனம்.

சாலையில் ஒரு டன்

பத்து டன் ஏற்றிய லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். 300 கிலோமீட்டருக்கு 75 லிட்டர் டீசல் செலவாகும். ஒரு டன் சரக்கின் பங்கு சுமார் 20 கிலோகிராம் கரியமில வாயு. இனி, ஒருவர் 20 கிலோகிராம் காய்கறியை மோட்டார் சைக்கிளில் 10 கிலோமீட்டர் தூரம் கொண்டு செல்வதாகவும், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கிடைப்பதாகவும் கொள்வோம். டன் கணக்கில் பார்த்தால் இதன் பங்கு 23 கிலோகிராம். பத்து கிலோமீட்டர் முந்நூறு கிலோமீட்டரை மிஞ்சி விடுகிறது! தூரத்தைப்போலவே சுமையின் அளவும் முக்கியம் என்பது இதனால் விளங்கும். அண்டை உழவர் பலர் சேர்ந்து ஒரே வண்டியில் அனுப்பினால், உள்ளூர் விற்பனையின் பயன் உண்மையாகவே கைகூடும்.

எல்லையும் அலகும்

கணக்கின் எல்லையை எங்கே வரைகிறோம் என்பது மற்றொரு முக்கியக் கேள்வி. சிக்கிம் மாநிலம் 2003இல் இயற்கை வேளாண்மைக்கு மாறத் தீர்மானித்து, 2016 ஜனவரியில் முழு இயற்கை வேளாண் மாநிலமாக அறிவிக்கப்பட்டது. சுமார் 75,000 ஹெக்டேர் நிலம் இதில் அடங்கும். அங்கு தவிர்க்கப்பட்ட இரசாயன உரம் மெய்யான ஆதாயமே. ஆனால் அம்மாநிலத்திற்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதி சமவெளியிலிருந்து சிலிகுரி வழியாக மலையேறி வருகிறது. மாநில எல்லையோடு கணக்கை நிறுத்தினால் சிக்கிமின் வயல்கள் மட்டுமே தெரியும். அங்குள்ள மக்களின் உணவுத் தட்டைக் கணக்கிட்டால், சமவெளியின் வயலும் மலைச்சாலையும் சேர்ந்து விடும். இரண்டும் சரியான கணக்குகளே. ஒன்றை மற்றொன்றாகக் காட்டுவதே தவறு.

அலகும் இத்தகையதே. ஒரு வயல் ஹெக்டேருக்கு 1,200 கிலோகிராம் வாயுவை வெளியிட்டு 4 டன் விளைவிப்பதாகவும், மற்றொன்று 900 கிலோகிராம் வெளியிட்டு 2.5 டன் விளைவிப்பதாகவும் கொள்வோம். நிலக்கணக்கில் இரண்டாவது சிறந்தது. டன் கணக்கில் முதலாவதற்கு 300, இரண்டாவதற்கு 360. ஆகவே அறிக்கையில் இரண்டு அலகுகளையும் தருதல் வேண்டும். விளைந்ததில் ஐந்தில் ஒரு பங்கு வழியில் அழுகிப் போனால், அதன் சுமை முழுவதும் எஞ்சிய நான்கு பங்கின் மீது ஏறும் என்பதையும் மறத்தலாகாது.

குறிப்பேட்டில் எழுத வேண்டியவை

களப்பணியாளர் இட்ட உரம், பாசனத்திற்குச் செலவான டீசல் அல்லது மின்சாரம், விளைச்சல், வீணான அளவு, வண்டி ஓடிய தூரம், ஏற்றிய சுமை, வெறுமையாகத் திரும்பிய தூரம் ஆகிய ஏழையும் பருவந்தோறும் குறித்து வரலாம். நன்செய் நிலமாயின், நீர் தேங்கி நின்ற நாட்களையும் குறித்தல் அவசியம். மீதேன் வாயு பெருகுவது அந்நாட்களில்தான். ஆசிரியர்கள், தம் மாணவர் வீட்டுக்கு வரும் ஒரு கிலோ காய்கறியின் வழியை வயல்வரை பின்தொடரச் செய்யலாம்.

மண்ணின் வளம், நிலத்தடி நீர், உழவரின் வருவாய் ஆகியவை வாயுக்கணக்கில் அடங்கா. அவற்றிற்குத் தனித்தனி அளவைகள் வேண்டும். சிறிய உழவர் ஒருவரிடம் பழைய முறையை விடும்படி சொல்லும்போது, இழப்பு நேர்ந்தால் அதைச் சுமப்பவர் அவரே. எனவே அவருக்குச் சொல்லும் யோசனை அளந்து பெற்றதாக இருத்தல் நம் கடமை.