போத்தல் இல்லாமல் சோடா

ஆசிரியர் நண்பர்களே, பேரங்காடியில் விற்கும் அரை லிட்டர் சோடா நீர்ப் போத்தல் ஒன்றை அடுத்த முறை கையில் எடுத்துப் பாருங்க. அதுக்குள்ள என்ன இருக்கு? தண்ணீர், அதில் கரைந்திருக்கும் மூன்று நான்கு கிராம் கரியமில வாயு. பெரும்பாலும் அவ்வளவுதான். தண்ணீர் நம் வீட்டுக் குழாயிலேயே வருகிறது. சிங்கப்பூரில் அதைக் காய்ச்சாமலே குடிக்கலாம். ஆக, நாம் காசு கொடுத்து வாங்குவது அந்த மூன்று நான்கு கிராம் வாயுவைத்தான். அதைச் சுமந்து வருவதற்கு ஒரு பிளாஸ்டிக் போத்தல், ஒரு மூடி, ஒரு லாரி. வாயுவை மட்டும் தனியாக வாங்கிக்கிட்டா மற்றதெல்லாம் தேவையில்லை. வீட்டில் சோடா நீர் தயாரிப்பதன் நியாயம் இதுதான்.

குடித்து முடித்த போத்தல் எங்கே போகுது? நீலத் தொட்டியில் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 2023ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவில் மறுசுழற்சிக்குப் போனது 5 விழுக்காடுதான். மிச்சத்தில் பெரும்பகுதி எரியாலைக்குப் போய், சாம்பலாகி, செமாக்காவ் தீவில் கொட்டப்படுகிறது. 1999இல் திறந்த அந்த நிரப்பிடம் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்று கணித்திருக்காங்க. இன்று தொடக்கநிலையில் படிக்கும் நம் பிள்ளைகள் அப்போது இளையர்களாக வளர்ந்திருப்பார்கள்.

2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த திட்டப்படி, 150 மில்லிலிட்டரிலிருந்து 3 லிட்டர் வரையிலான பிளாஸ்டிக் பானப் போத்தலுக்கும் உலோகக் கலனுக்கும் 10 காசு முன்பணம் உண்டு. காலிப் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் காசு திரும்ப வரும். நல்ல திட்டம். ஆனால் அது போத்தலை மறுசுழற்சிக்கு அனுப்பும் வழி. போத்தலே வேண்டாம் என்பது வேறு. வகுப்பில் பிள்ளைங்க இந்த மூன்று சொற்களையும் அடிக்கடி குழப்பிக்கிறாங்க: போத்தலை வாங்காமல் இருந்தால் குறைத்தல், அதே போத்தலில் மறுபடி நீர் நிரப்பினால் மறுபயன்பாடு, போத்தலை நொறுக்கி உருக்கி வேறு பொருள் செய்தால் மறுசுழற்சி. சோடா நீரை உதாரணமாகச் சொன்னால் மூன்றும் சட்டென்று விளங்கும்.

சோடா நீருக்குக் கொஞ்சம் வரலாறும் இருக்கு. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், 1767ஆம் ஆண்டு வாக்கில், ஜோசஃப் பிரீஸ்ட்லி என்பவர் மதுவடி ஆலையில் நொதிக்கும் தொட்டிக்கு மேல் தேங்கி நிற்கும் வாயுவைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தார். அந்த நீர் நாக்கில் சுறுசுறுவென்று இனிமையாக இருந்தது. செய்முறையை 1772இல் சிறுநூலாகவே வெளியிட்டார். ஆனால் அதை வைத்து வியாபாரம் செய்யவில்லை. அதைச் செய்தவர் ஜெனீவாவில் இருந்த ஷ்வெப். நம் ஊருக்கு வந்தால், 1883இல் சிங்கப்பூரில் தொடங்கிய சோடா நீர் நிறுவனம்தான் பின்னாளில் ஃபிரேசர் அண்ட் நீவ் ஆனது. கண்ணாடிப் போத்தலைக் கடையில் திருப்பிக் கொடுத்து முன்பணத்தை வாங்கிய காலத்தைப் பற்றித் தாத்தா பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லுங்க. பேச்சுப் பயிற்சிக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைக்காது.

சரி, வாயு எப்படித் தண்ணீருக்குள் போகுது? இரண்டு விஷயம் வேணும்: அழுத்தம், குளிர்ச்சி. அழுத்தம் கூடக் கூட அதிக வாயு கரையும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் குறைகிறது, கரைந்த வாயு குமிழியாக வெளியேறுகிறது. குளிர்ச்சியைப் பலர் மறந்துடுறாங்க. சாதாரணக் காற்றழுத்தத்தில் 5 டிகிரி செல்சியஸில் இருக்கும் ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய 2.8 கிராம் கரியமில வாயுவை ஏற்கும். 30 டிகிரியில் 1.3 கிராம்தான், பாதிகூட இல்லை. நம் ஊர்க் குழாய் நீரை அப்படியே பிடித்து இயந்திரத்தில் வைத்தால் வாயுதான் வீணாகும். முதல்நாள் இரவே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்க. "மிஷின் சரியில்லை" என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுவே மருந்து.

இயந்திரம் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. உள்ளே ஒரு வாயு உருளை, மேலே ஒரு பொத்தான். போத்தலில் கோடு வரை குளிர்ந்த நீரை நிரப்பி, மாட்டி, இரண்டு மூன்று முறை அழுத்தணும். பெரும்பாலான வீட்டு இயந்திரங்களில் வெறும் தண்ணீருக்கு மட்டும்தான் வாயு ஏற்றணும். எலுமிச்சைச் சாறு, கலமன்சி, ரோஸ் சிரப் எதுவானாலும் பிறகுதான். முதலிலேயே கலந்தால் நுரை பொங்கிச் சமையல்மேடை முழுக்க வழியும். இன்னொன்று, இப்படிச் செய்யும் நீருக்குச் சோடா என்று பெயரே தவிர அதில் சோடியம் எதையும் நாம் சேர்ப்பதில்லை. கடையில் வாங்கும் சில சோடாவில் சோடியம் உப்புகள் உண்டு. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் சீட்டைப் படித்து வாங்கணும்.

உருளை விஷயத்தில் கவனம் வேணும். அதுக்குள்ள வாயு திரவமாக அடைபட்டிருக்கு. அறை வெப்பநிலையிலேயே அதன் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல 60 மடங்குக்கு மேல். 31 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கரியமில வாயுவால் திரவமாக இருக்கவே முடியாது; அழுத்தம் விறுவிறுவென ஏறும். வெயிலில் நிறுத்திய காருக்குள் உருளையை விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீங்க. இயந்திரத்தோடு வரும் பிளாஸ்டிக் போத்தலிலும் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். அதைப் பார்க்கணும். கொதிநீரில் கழுவக்கூடாது. காலி உருளையைக் குப்பையில் போடாமல் விற்றவரிடமே கொடுத்து நிரம்பியதை மாற்றிக்கலாம். எவ்வளவு மிச்சம் என்று தெரியணுமா? சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தால் போதும்.

ஆப்ப சோடாவையும் எலுமிச்சை உப்பையும் மூடிய போத்தலில் போட்டுக் குலுக்கும் காணொளிகளைப் பார்த்திருப்பீங்க. வேண்டாம். அழுத்தத்துக்குக் கட்டுப்பாடு கிடையாது, கண்ணாடியாக இருந்தால் வெடித்துச் சிதறலாம். தண்ணீரும் உப்புக் கரிக்கும்.

இப்போ கணக்குக்கு வருவோம். வழக்கமான உருளையில் சுமார் 410 கிராம் வாயு இருக்கும். அதில் 60 லிட்டர் வரை செய்யலாம் என்பது தயாரிப்பாளர்கள் சொல்வது. 'சுள்'ளென்று இருந்தால்தான் பிடிக்கும் என்பவருக்கு 40 லிட்டர் கிடைத்தாலே பெரிது. 40 என்றே வைத்துக்குவோம். அரை லிட்டர்ப் போத்தல் 80 மிச்சம். வாரத்துக்கு நாலு போத்தல் வாங்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 208 போத்தல் குறையும். அப்படிப்பட்ட வீட்டுக்கு இயந்திரம் நல்ல முதலீடு.

மாதம் ஒரு போத்தல் குடிக்கிறவர் என்றால் வாங்காதீங்க. இயந்திரமும் பிளாஸ்டிக்தானே. ஆண்டுக்கு 12 போத்தலை மிச்சப்படுத்த ஒரு பெரிய பிளாஸ்டிக் பொருளை வாங்கி அலமாரியில் தூங்கவிடுவது எந்த ஊர்ச் சிக்கனம்? சாதாரணக் குடிநீரைப் போத்தலில் வாங்குபவர்களுக்கு இயந்திரம் எதுவும் வேண்டாம், ஒரு நல்ல தண்ணீர்ப் போத்தலும் குழாயும் போதும்.

வகுப்பில் இதைச் செய்துகாட்ட இயந்திரத்தைத் தூக்கிட்டுப் போக வேண்டியதில்லை. ஒரு காலிப் போத்தலில் 70 மில்லிலிட்டர் வினிகர். ஒரு பலூனுக்குள் 4 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான ஆப்ப சோடா. பலூனைப் போத்தல் வாயில் மாட்டிக் கவிழ்த்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் வாயு உண்டாகிப் பலூன் உப்பும். பிள்ளைகளை ஒவ்வொரு கட்டத்தையும் முழு வாக்கியத்தில் சொல்ல வையுங்க: ஊற்றினேன், மாட்டினேன், கவிழ்த்தேன், நுரைத்தது, உப்பியது. பிறகு, ஒரு வாரம் வீட்டில் சேரும் போத்தல்களை எண்ணி எழுதி வரச் சொல்லுங்க. "எங்க வீட்ல யாரும் சோடா குடிக்க மாட்டோம், டீச்சர்" என்று ஒருவர் கட்டாயம் கை தூக்குவார். அவரைப் பச்சைத் தேநீர்ப் போத்தலையும் குடிநீர்ப் போத்தலையும் எண்ணச் சொல்லுங்க.