கடலோரத்தில் ஓர் ஐரோப்பிய நகர்

திருப்பூரில் உருவாகும் பின்னலாடைகள் இன்று கப்பலேறி ஐரோப்பிய நகரங்களைச் சென்றடைகின்றன. நானூறு ஆண்டுகளுக்கு முன்னர், மிளகையும் பருத்தித் துணியையும் நாடி ஐரோப்பியரே தமிழகக் கடற்கரைக்கு வந்தனர். வந்தவர்கள் வணிகம் செய்ததோடு நில்லாமல், தம் நாட்டு முறையில் நகரங்களையும் அமைத்தனர். நொய்யலைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் காவிரி கடலை அடையும் வட்டாரத்தில், டென்மார்க் நாட்டவர் அமைத்த தரங்கம்பாடி அத்தகைய நகராகும்.

கோட்டையும் தெருவும்

தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கர் 1620-ஆம் ஆண்டு டேனியருடன் உடன்படிக்கை செய்துகொண்டார். அதன் பயனாக எழுந்ததே டேன்ஸ்பர்க் கோட்டை. அதன் கீழ்த்தளம் சரக்கறையாகவும் சிறையாகவும் பயன்பட்டது; மேல்தளம் ஆளுநரின் உறைவிடமாக விளங்கியது. இன்று அங்கு அருங்காட்சியகம் உள்ளது.

நகருக்குள் நுழைவோர் முதலில் காண்பது 1792-இல் புதுப்பிக்கப்பட்ட நகர வாயில். அதனைக் கடந்தால் அரசர் தெரு கடலை நோக்கி நேராகச் செல்கிறது. அத்தெருவில் 1701-இல் கட்டப்பட்ட சீயோன் ஆலயமும் 1718-இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயமும் உள்ளன. தமிழ் அச்சு வரலாற்றில் தனியிடம் பெற்ற சீகன்பால்குவின் கல்லறை இரண்டாம் ஆலயத்தினுள் அமைந்துள்ளது.

வடிவமும் பொருளும்

இக்கட்டடங்களின் வடிவம் ஐரோப்பாவுக்கு உரியது. செங்கல்லும் சுண்ணாம்பும் கட்டிய கைகளும் தமிழ் மண்ணுக்கு உரியவை. வெப்பத்தைத் தடுக்கச் சுவர்கள் தடிப்பாக எழுப்பப்பட்டன, கூரைகள் உயர்த்தப்பட்டன. தூண்கள் தாங்கும் தாழ்வாரங்கள் வெயிலையும் மழையையும் மறைத்தன. குளிர்நாட்டுக் கட்டடக்கலை இவ்வாறு வெப்பநாட்டுக்கு ஏற்ப மாறியது.

கடலும் காப்பும்

1845-இல் டேனியர் இந்நகரை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றனர். காலப்போக்கில் துறைமுகம் தன் சிறப்பை இழந்தது. கடற்கரையிலுள்ள பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டது. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் இவ்வூரைத் தாக்கியது.

கடற்காற்றின் உப்பும் ஈரமும் நாள்தோறும் சுவர்களுக்குள் புகுகின்றன. சுண்ணாம்புக் காரை தான் ஏற்ற ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். உப்பு படிகமாகிச் செங்கல்லைப் பொடியாக்கும். வலிமை சேர்ப்பதாக எண்ணிச் செய்யும் செயலே கட்டடத்தை அழித்துவிடும். எனவே, பழைய சுவரைப் பழைய முறையிலேயே செப்பனிட வேண்டும். அதற்குச் சுண்ணாம்பை நீற்றி, அரைத்து, பதமறிந்து பூசத் தெரிந்த கொத்தர்கள் தேவை. அத்தொழிலறிவு மறைந்துவிட்டால், பொருட்செலவு செய்தும் பயனில்லை.

இவ்வுண்மை தரங்கம்பாடிக்கு மட்டும் உரியதன்று. தொழில்வளத்தால் விரைந்து மாறிவரும் திருப்பூர் வட்டாரத்திலும் காரை வீடுகளும் பழைய மதில்களும் எஞ்சியுள்ளன. அவற்றைக் காப்பது, அவற்றைக் கட்டியவர்களின் அறிவையும் காப்பதாகும்.