ஷூ சரி, சாக்ஸ்?

நடைப்பயிற்சிக்கென்று ஷூ வாங்க ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறோம். சாக்ஸ் மட்டும் பீரோவில் கைக்கு அகப்பட்டதுதான்!

பருத்திதான் உடம்புக்கு நல்லது என்பது நம் நெடுநாள் நம்பிக்கை. சட்டைக்குச் சரி. சாக்ஸுக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. பருத்தி வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும்; சீக்கிரம் உலராது. ஈரத்தில் ஊறிய தோல் துணியோடு உரசி உரசிக் கொப்புளிக்கும். விரலிடுக்கில் சேற்றுப்புண் வரவும் அந்த ஈரம் வழிவிடும். பாலியெஸ்டர், நைலான் கலந்த விளையாட்டு சாக்ஸ் விரைவில் உலர்ந்துவிடும். குளிர்ந்த மலைப் பாதைக்கு மெரினோ கம்பளி இன்னும் மேல்; நனைந்தாலும் ஓரளவு கதகதப்பு தரும். விலைதான் கொஞ்சம் கடிக்கும்.

கடி என்றதும் அட்டை நினைவுக்கு வருகிறது. மழைக்காலத்தில் வால்பாறைப் பக்கம் காட்டுக்குள் நடப்பவர்கள், நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால்வரை வரும் அட்டை சாக்ஸை சாதாரண சாக்ஸுக்கு மேல் மாட்டி, பேண்ட்டை உள்ளே செருகி, நாடாவை இறுக்கிக் கட்டுவார்கள். சாதாரண சாக்ஸின் இழை இடுக்கில் அட்டை நுழைந்து கடித்துவிடும்; இதில் அது நடக்காது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், மேல்விளிம்பு இறுகப் பிடிக்காத, உள்ளே தடித்த தையல் இல்லாத சாக்ஸாகப் பார்த்து வாங்குங்கள். நடந்துவிட்டு வந்ததும் பாதத்தை ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.