ஒரு வாழ்க்கையின் ஐந்தொகை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று, கலாசாலையில் என்னோடு ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து படித்த சிநேகிதர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு விஜயம் செய்தார். அவருடைய மோட்டார் வாசலில் வந்து நின்றதும் தெருக் குழந்தைகள் எல்லாம் கூடிவிட்டார்கள். இருபது வருஷங்களுக்குப் பிறகு சந்திக்கிறோம். காப்பி சாப்பிட்டோம்; பழைய கதைகள் பேசினோம்; காலஞ்சென்ற ஆசிரியர்களை நினைத்துக் கொண்டோம். புறப்படுகிற சமயத்தில் அவர் கூடத்துச் சுவரையும் புத்தக அலமாரியையும் ஒரு முறை பார்த்துவிட்டு, "என்னப்பா, இன்னும் அதே பள்ளிக்கூடந்தானா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் குத்தலோ ஏளனமோ கிடையாது. உண்மையான கவலையோடுதான் கேட்டார். அதனால்தானோ என்னவோ, அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வருஷக் கடைசியில் வியாபாரிகள் ஐந்தொகை எடுப்பார்கள். உள்ள சொத்து ஒரு பக்கம். கொடுக்க வேண்டிய கடன் மற்றொரு பக்கம். மிஞ்சுவது லாபமா, நஷ்டமா என்பது ஒரு வரியில் தெரிந்து போகும். நம்மைப் போன்ற குடும்பங்களில் மனிதர்களுக்கும் இதே முறையில்தான் ஐந்தொகை எடுக்கிறோம். சொந்த வீடு உண்டா? பெண்ணுக்கு எங்கே சம்பந்தம் செய்தார்? பையன் என்ன உத்தியோகம்? கல்யாணப் பந்தலில் இலை போடுவதற்குள்ளாகவே நூறு பேருடைய ஐந்தொகை தயாராகிவிடும். இந்தத் தராசைக் குறை சொல்லிப் பயனில்லை. கையில் அகப்படுவது அது ஒன்றுதான்.

தூக்கம் வராத அந்த இரவில், இதே தராசில் வேறொருவரை வைத்து நிறுத்துப் பார்த்தேன்.

செப்டம்பர் 5-ஆந் தேதியைப் பள்ளிக்கூடங்களில் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். டாக்டர் ராதாகிருஷ்ணனின் பிறந்த நாள் அது. பிள்ளைகள் எங்களுக்குப் பூச்செண்டு கொடுப்பார்கள். அதே தேதியில், 1872-ஆம் வருஷத்தில், ஒட்டப்பிடாரம் என்னும் கிராமத்தில் பிறந்தவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. தகப்பனார் உலகநாத பிள்ளை வக்கீல். மகனும் வக்கீல் பரீட்சையில் தேறித் தொழில் தொடங்கினார். 1900-ல் தூத்துக்குடிக்குக் குடியேறினார். அந்த வழியிலேயே போயிருந்தால் அவருடைய ஐந்தொகை மிக அழகாக முடிந்திருக்கும். கட்சிக்காரர்களுக்குக் குறைவில்லை, வாதத் திறமைக்கும் குறைவில்லை.

அவர் அப்படிப் போகவில்லை. 1906-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவர். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டுப் பிரிட்டிஷ் கம்பெனியின் ஏகபோகத்தை உடைப்பது நோக்கம். 1907-ல் 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. எதிர்க் கம்பெனியார் பிரயாணக் கட்டணத்தைக் குறைத்துக் கொண்டே போனார்கள். ஒரு கட்டத்தில் சும்மாவே ஏற்றிக்கொண்டு, கையில் ஒரு குடையும் கொடுத்து அனுப்பினார்கள் என்று சொல்வதுண்டு. இலவசக் குடையை விட்டுவிட்டுக் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறிய ஜனங்களை நினைத்தால் எனக்குக் கப்பலைவிட அவர்கள்மீதுதான் ஆச்சரியம் அதிகம்.

1908-ஆம் வருஷத் தொடக்கத்தில் தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளர்களின் வேலை நிறுத்தத்துக்குப் பிள்ளையவர்களும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார்கள். மார்ச்சு மாதத்தில் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்ந்தது. அதே மாதம் 12-ஆந் தேதி பிள்ளையவர்கள் கைதானார். மறு நாள் திருநெல்வேலியில் கலகம், துப்பாக்கிப் பிரயோகம், நாலு உயிர்கள் போயின. ஜூலை மாதத்தில் நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். ராஜத் துரோகத்துக்காக ஆயுள் தண்டனை ஒன்று. சிவாவுக்கு உடந்தையாயிருந்ததற்காக மற்றொன்று. இரண்டும் சேர்த்து 40 வருஷம். ஹைகோர்ட்டு பிற்பாடு அதை 6 வருஷமாகக் குறைத்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் அவரைச் செக்கில் பூட்டினார்கள் என்பதை நம் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பிலேயே படித்து விடுகிறார்கள். படித்து மார்க்கும் வாங்கிவிடுகிறார்கள். ஒரு வக்கீலின் தோளில் செக்குமரம் எப்படி அழுத்தும் என்பது எந்த வயதில் புரியுமோ, எனக்குத் தெரியாது.

1912-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் அவர் வெளியே வந்தபோது கணக்கு எப்படியிருந்தது? கம்பெனி 1911-லேயே கலைக்கப்பட்டுவிட்டது. கப்பல்கள் கைமாறிவிட்டன. வக்கீல் சன்னது பறி போயிற்று. சொந்த ஜில்லாவில் போய் வாழவும் வழியில்லை. சென்னைப் பட்டணத்துக்கு வந்து மண்ணெண்ணெய்க் கடை வைத்தார். கடை நடக்கவில்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்த இந்தியர்கள் அவருக்கென்று சேர்த்துக் கொடுத்த பணம் மகாத்மா காந்தியின் மூலமாக வரவேண்டியிருந்தது. அதைக் குறித்து இருவருக்கும் இடையே 1915-ல் பல கடிதங்கள் போய் வந்தன. கடைசியாக 1916-ஆம் வருஷத் தொடக்கத்தில் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது. பத்து லட்சம் ரூபாய்க் கம்பெனி கண்டவர் அந்த 12 அணாவுக்கும் காத்திருந்தார்.

இப்போது என் சிநேகிதருடைய தராசில் நிறுத்தால் பதில் ஒன்றுதான். தொழில் நஷ்டம், கம்பெனி நஷ்டம், தேகம் நஷ்டம்.

பிள்ளையவர்கள் சரிதத்தில் பெரும்பாலோர் கவனியாமல் போகும் விஷயம் ஒன்று உண்டு. ஜேம்ஸ் ஆலன் என்று ஓர் ஆங்கில ஆசிரியர் இருந்தார். 1864-ல் லீஸ்டர் நகரத்தில் பிறந்தவர். 15-வது வயதில் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனவர். மனிதனுடைய எண்ணமே அவன் நிலைமையை உண்டாக்குகிறது என்பது அவர் போதனை. அவருடைய நூல் ஒன்றைப் பிள்ளையவர்கள் 'மனம் போல வாழ்வு' என்று தமிழாக்கினார். அது 1909-ல், அவர் சிறைவாசியாக இருந்தபோதே, வெளிவந்தது. விடுதலைக்குப் பின் 'அகமே புறம்' வந்தது. 125 அதிகாரங்கள் கொண்ட 'மெய்யறம்' என்ற செய்யுள் நூலும் சிறையில் இயற்றியதுதான்.

உண்மையைச் சொல்கிறேன்: ஆலனுடைய கொள்கையில் எனக்கு முழு நம்பிக்கை கிடையாது. காலையில் பட்டினியோடு வந்து கடைசிப் பெஞ்சியில் சுருண்டு உட்காரும் பையனிடம், "உன் எண்ணந்தானப்பா உன் நிலைமை" என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. கதவு திறந்திருக்கிறவர்கள் பேசும் பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அதே வாக்கியத்தைக் கைதி உடை போட்ட ஒருவர் தமிழில் எழுதுகிறார் என்றால், அதை அப்படி ஒதுக்கிவிட முடிகிறதா? வெள்ளைக்காரன் பூட்டியது என் வெளிப்பக்கத்தை மட்டுந்தான் என்று தமக்குத் தாமே சொல்லிக் கொண்டாரோ என்னவோ!

அவர் பரம திருப்தியோடு வாழ்ந்தார் என்று எழுதிவிட்டால் கட்டுரைக்கு நன்றாயிருக்கும். எழுத எனக்குத் துணிவில்லை. வறுமை அவரை வாட்டியது. ஜனங்கள் மறந்தது அதைவிட வாட்டியிருக்க வேண்டும். திருப்தி என்பதைக் கவலையின்மை என்று பொருள் கொண்டால் அவருக்கு அது வாய்க்கவில்லை. நான் காண்பது வேறு. கப்பல் போயிற்று, அவர் ஏட்டுச் சுவடியை எடுத்துக் கொண்டார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் செய்த உரையைப் பதிப்பிக்கும் வேலையில் இறங்கினார். திருக்குறளுக்கு உரை எழுதினார். இலக்கண உரையைப் பிழை பார்க்கிறவரைப் பார்க்க ஊர்வலம் வராது, மாலை விழாது. கப்பல் விட்டபோது எவ்வளவு கவனமோ, ஓலைச் சுவடியிலும் அவ்வளவு கவனம் இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. பிள்ளையவர்கள் நன்றி மறவாமல் தம் புதல்வர் ஒருவருக்கு 'வாலேஸ்வரன்' என்று பெயர் வைத்தார். எந்த ஆட்சியோடு போராடினாரோ அந்த ஆட்சியின் நீதிபதி! உதவி உதவிதான் என்று கணக்கில் எழுதிக்கொண்டார். பிறகு கோவில்பட்டியிலும், கடைசியில் தூத்துக்குடியிலும் தொழில் நடத்தினார். 1936-ஆம் வருஷம் நவம்பர் 18-ஆந் தேதி காலமானார்.

அவர் எழுதி வைத்த உயில் ஒன்று உண்டு. அதில் கடைக்காரர்களுக்கும் மற்றவர்களுக்கும் தாம் கொடுக்க வேண்டிய பாக்கிகளை வரிசையாகக் குறித்திருக்கிறார். இன்னாருக்கு இவ்வளவு, இன்ன கடைக்கு இவ்வளவு என்று ஜாபிதா. நம் ஊர்க் கல்யாணப் பந்தலில் அந்த ஜாபிதாவைப் படித்தால் இலை முன்னே உட்கார்ந்தவர்கள் உச்சுக்கொட்டுவார்கள்.

1949-ல் ராஜாஜி அவர்கள் 'வ. உ. சிதம்பரம்' என்ற கப்பலைத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே தொடங்கி வைத்தார். 1972-ல் தபால் தலை வந்தது. 2011-ல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கே அவர் பெயர் வைத்தார்கள். செய்ய வேண்டியவைதான். ஆயினும் இவற்றை அவருடைய வரவுப் பத்தியில் நான் சேர்க்க மாட்டேன். 1936-ல் கண்ணை மூடினவருக்கு இவற்றில் ஒரு தம்பிடி கூடக் கைக்கு வரவில்லை. இவை நம்முடைய கணக்கு.

இவ்வளவும் யோசித்து முடிப்பதற்குள் கோழி கூவிவிட்டது. விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு காகிதத்தை எடுத்தேன். சொத்துப் பக்கத்தை விட்டுவிட்டு, நான் யார் யாருக்கு என்னென்ன கடன்பட்டிருக்கிறேன் என்று எழுதத் தொடங்கினேன். பரீட்சைக் கட்டணம் கட்ட வழியில்லாமல் நின்றபோது தாமாகவே கட்டிய தலைமை ஆசிரியர் பெயர் முதலில் வந்தது. பிறகு, தாம் மேலே படிக்காமல் என்னைப் படிக்க வைத்த என் தமையனார். பிறகு, நான் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டபோது எழுந்து நின்று திருத்திய பதினொரு வயதுப் பையன் ஒருவன். அவன் இப்போது எந்த ஊரில் இருக்கிறானோ. எழுத எழுத ஜாபிதா நீண்டு கொண்டே போயிற்று. பின்பக்கமும் நிரம்பிவிட்டது.

காப்பியோடு வந்த என் மனைவி அதை வாங்கி நிதானமாகப் படித்தாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாம் சரிதான். பால்காரிக்கு இரண்டு மாதப் பாக்கி இருக்கிறதே, அதை எழுத மறந்து விட்டீர்களே!" என்றாள்.